ஆறிப்போன காலுக்குப் போட்ட கட்டு

எலிசா நர்ஸ் படிப்பில் சேர்ந்துவிட்டு வந்த அன்று, "நைனா, உன் சர்வீஸ்லயே பெரிய கேஸு இன்னா?" என்று கேட்டாள். துறைமுகத்து முதலுதவிக் கொட்டகையில் ஆயுளைக் கழித்த மனுஷன், நசுங்கிய கை, அறுந்த விரல் என்று ஏதாவது பயங்கரமாகச் சொல்வான் என்று மற்ற பிள்ளைகளான நீங்களும் சோற்றுத் தட்டை ஒதுக்கிவிட்டுக் காத்திருந்தீர்கள். நான், "காயமே இல்லாத ஒரு காலு" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் எலிசா திருத்தட்டும். கதையைத் திருத்த வேண்டாம்.

நான் டிரெஸ்ஸர், அதாவது காயத்துக்குக் கட்டுப் போடுகிறவன், ஆனது பெரிய படிப்பினால் அல்ல. யுத்த காலத்தில் குண்டு விழப்போகிறது என்று பட்டணத்தில் பாதிப் பேர் ஓடினார்கள். ஓடியவர்களில் கொட்டகையின் பழைய டிரெஸ்ஸரும் ஒருவர். ஓடப் போக்கிடம் இல்லாததால் நான் ராயபுரத்திலேயே இருந்தேன். அதை வீரம் என்று எண்ணி, ஸ்ட்ரெச்சர் தூக்கிக்கொண்டிருந்த என் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். காயம் கழுவ, கட்டுப் போட, மயங்கியவனைத் தெளிவிக்க எல்லாம் அடிபட்டவர்கள் மேலேயே பழகிக்கொண்டேன். அவர்கள் சத்தம் போட்டால் தப்பு, போடாவிட்டால் சரி. என் பள்ளிக்கூடம் அதுதான்.

சுதந்திரம் வந்த பிறகு எங்கள் கொட்டகைக்கு மேஜர் டாக்டர் வந்தார். எங்கோ பாலைவனத்துச் சண்டையில் வைத்தியம் பார்த்தவர். யுத்தம் முடிந்தும் மேஜர் பட்டம் முடியவில்லை. மனிதர்களுக்குப் பெயர் உண்டு என்பதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "அந்த முழங்கை வந்தாச்சா? முதுகு ஏன் வெளியே நின்னு பீடி குடிக்கிறான்?" என்றுதான் கேட்பார். கையில் சின்னப் பிரம்பு ஒன்று இருக்கும். கட்டைப் பிரித்துப் பார்க்கவே மாட்டார். கட்டு என்பது அவருக்குச் சிப்பாய் போட்ட சட்டை மாதிரி. மடிப்பு நேராக இருக்கிறதா என்று பார்க்கலாம். கழற்றச் சொல்லி உள்ளே பார்ப்பது மரியாதை இல்லை. பிரம்பால் கட்டின் மேல் ஒரு தட்டுத் தட்டுவார். முனகினால் வேலைக்கு லாயக்கில்லை. முனகாவிட்டால் "ஃபிட்". துறைமுகம் முழுவதும் தெரிந்த பரிசோதனை இது. வேலைக்குப் போக விருப்பம் உள்ளவன் பல்லைக் கடித்துக்கொள்வான், இல்லாதவன் தொண்டையைத் தயார் செய்துகொண்டு வருவான்.

இப்போது காத்தமுத்து. இவன் இலங்கையில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பன் பாட்டன் காலத்தில் நம் பக்கத்திலிருந்து போன குடும்பம். வளர்ந்த பிறகு கொழும்பில் கப்பல் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே வள்ளி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தனம் செய்தவன். அவன் வந்த சரக்குக் கப்பல் நம் துறைமுகத்தில் நின்றபோது, கப்பலடியில் இருக்கிற சரக்குக் கிடங்கின் வாயை மூடுகிற கனத்த பலகை சரிந்து கணுக்காலில் விழுந்தது. அவனும் பலகையோடு கிடங்குக்குள் விழுந்தான்.

கப்பலின் அடியிலிருந்து அடிபட்டவனை எடுப்பது எப்படி என்று எலிசாவுக்காகச் சொல்கிறேன். ஏணியில் தூக்கி வர முடியாது. அகலப் பலகையில் படுக்க வைத்து, மார்பு, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களில் துணியால் கட்ட வேண்டும். கயிறு கூடாது, அறுத்துவிடும். அடிபட்ட காலை நல்ல காலோடு சேர்த்துக் கட்ட வேண்டும். எலும்பு அசையாமல் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவோமே, அந்தத் தப்பை, அவனுக்கு முதலில் அவன் நல்ல கால்தான். அப்புறம் அரிசி மூட்டையைத் தூக்குகிற அதே கொக்கியில் மாட்டி, கூடவே ஒருவன் பலகையைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும். அந்த ஒருவன் நான். கொக்கியை ஏற்றி இறக்குகிற வின்ச்சு மெஷின்காரர் வயசானவராக இருக்க வேண்டும். இளவட்டம் என்றால் வேடிக்கை பார்க்கிற பெண்களுக்காக வெடுக்கென்று நிறுத்துவான்.

அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் காத்தமுத்து முதல் வார்த்தை பேசினான்.

"அய்யா, கப்பல் என்னைய உட்டுட்டுப் போயிராதுல்ல?"

"அதெப்படிப்பா போவும்?" என்றேன்.

போய்விட்டது. மறுநாள் காலையிலேயே. கல்கத்தா, ரங்கூன் பக்கம் சரக்கு ஏற்றப் போகிறது, எப்போது திரும்பும் என்று தெரியாது என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, எலும்பு கூடிய பிறகு அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்த புண்ணுக்கு எங்கள் கொட்டகை. தங்க இடம் இல்லாதவனை நம் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். காசிமேட்டுச் சந்தில் அப்போது நாம் இருந்த ஓட்டு வீடு மூத்தவனுக்கு நினைவிருக்கலாம். உங்கள் அம்மா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஊர்ல கீற நொண்டி மூக்கறையெல்லாம் இஸ்துகினு வா. கொட்டாயி பத்தலன்னு வூட்லயும் வார்டு தொறந்துக்கோ" என்றாள். சொல்லிக்கொண்டே அவனுக்குச் சோறு போட்டாள். திட்டு வாங்காமல் உங்கள் அம்மா கையால் சாப்பிட்டவர் யாரும் இல்லை.

கப்பல் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து சம்பந்தம் என்ற குமாஸ்தா வாராவாரம் வருவார். குடை, சந்தனப் பொட்டு, சாந்தமான பேச்சு. நல்ல மனிதர். சட்டம் தெரிந்த நல்ல மனிதர் என்பதுதான் ஆபத்து. அவர் ஒருநாள் விளக்கினார்.

"இதோ பாருங்க அந்தோணி. வைத்தியம் நடக்கற வரைக்கும் இவன் எங்க பொறுப்பு. குணமாயிட்டான்னு டாக்டர் கையெழுத்துப் போட்ட நிமிஷம் இவன் இந்த நாட்டை விட்டுப் போயிடணும். போக வழி இல்லேன்னா போலீஸ்ல ஒப்படைச்சுடுவோம். அவங்க உள்ளே வெச்சிருப்பாங்க."

"எவ்ளோ நாளு?"

"அதை யார் கண்டா? போக ஒரு நாடு கிடைக்கிற வரைக்கும்."

நாடு தேடி நானும் காத்தமுத்துவும் புறப்பட்டோம். முதலில் பட்டணத்திலிருந்த இலங்கை ஆபீஸ். கண்ணாடி போட்ட ஒருவர், "நீ எங்கள் பிரஜை இல்லை. தோட்டத்து ஆட்களுக்குப் புதுச் சட்டம் வந்திருக்கிறதே, தெரியாதா? நீ இந்தியன். இந்திய பாஸ்போர்ட் கொண்டு வா, உள்ளே விடலாமா என்று யோசிக்கிறோம்" என்றார். அங்கிருந்து நம் சர்க்கார் ஆபீஸ். அங்கே கண்ணாடி போடாத ஒருவர், "பிறந்தது அங்கே, வேலை பார்த்தது அங்கே, பெண்டாட்டி அங்கே. நீ எப்படியப்பா இந்தியன்? சரி, பாட்டன் ஊரிலிருந்து அத்தாட்சி கொண்டு வந்து, நான் இந்தியன் என்று எழுதிக் கொடு. பாஸ்போர்ட் பார்க்கலாம். அதைக் காட்டினால் அவர்கள் உன்னை அங்கே குடியிருக்க விடுவார்களா என்பது அவர்கள் பாடு" என்றார். கண்ணாடியைத் தவிர இரண்டு ஆபீஸுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு இடத்திலும் சுத்தமான தமிழில்தான் விரட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னோம். பக்கத்து வீட்டு மீன்கார அஞ்சலையும் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இந்தச் சிக்கல் சிக்கலாகவே தெரியவில்லை.

"தே, நீ தமிழன் தானே? மூஞ்சியப் பாத்தா நம்ம ஜனம் மாறியே கீறே. இங்கியே பொறந்தேன்னு சொல்லிட்டு குந்திக்கோ. வல இழுக்க ஆளு வோணும். இதுக்குப் போயி இன்னா பேஜாரு?"

காத்தமுத்து தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "சொன்னா நான் இங்க இருக்கலாம் அக்கா. வள்ளி அங்கல்ல இருக்கு. வயித்துப் புள்ளையோட விட்டுட்டு வந்தேன்."

அஞ்சலை போகும்போது ஒரு மீனைக் காசு வாங்காமல் வைத்துவிட்டுப் போனாள். அது அபூர்வம்.

ஒரே வழிதான் இருந்தது. அவன் பெயர் பழைய ஆளாக அந்தக் கப்பலில்தான் பதிவாகியிருந்தது. அது திரும்பி வந்து, அதன் சாரங்கு மறுபடி ஆள் கணக்கில் சேர்த்துக்கொண்டால், கப்பல் ஆளாகக் கொழும்பில் இறங்கலாம். சாரங்கு என்றால் கப்பல் ஆட்களின் தலைவர். அவர் சேர்த்த ஆளைக் கப்பலில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கப்பல் வருகிற வரைக்கும் கால் ஆறக் கூடாது.

காலோ யாரையும் கேட்காமல் ஆறிவிட்டது. ஒருநாள் காலையில் கட்டைப் பிரித்தால், புண் இருந்த இடத்தில் புதுத்தோல் பளபளவென்று சிரிக்கிறது. நானும் அவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காயம் ஆறியதற்கு இரண்டு பேர் துக்கம் கொண்டாடியது அந்தக் கொட்டகையில் அதுதான் முதல் தடவை.

நான் புதுச் சுருள் எடுத்தேன். உள்ளங்காலில் ஆரம்பித்து, கணுக்காலைச் சுற்றி எட்டுப் போல மடக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூடும்படி ஏற்றி, வெளிப்பக்கம் முடிச்சுப் போட்டேன். மேலே மஞ்சள் மருந்தில் ஒரு கறை, புண்ணில் தூவுகிற, மூக்கைத் துளைக்கிற மருந்துப்பொடி கொஞ்சம். என் கையால் போட்ட கட்டுகளிலேயே அழகானவை அந்த மாதங்களில் போட்டவைதான். உள்ளே வலிக்கிற ஆள் இல்லாதபோது கட்டு எவ்வளவு ஒழுங்காக அமைகிறது!

மேஜர் பிரம்பால் தட்டினார். காத்தமுத்து முனகினான். பழக்கம் இல்லாதவன், கொஞ்சம் அதிகமாகவே முனகிவிட்டான். வெளியில் நின்ற முதுகும் முழங்கையும் எட்டிப் பார்த்தன. மேஜர் பின்வாங்கி, "பாவம் இந்தக் கால். நாட் ஃபிட்" என்றார். இன்னொரு வாரம் மஞ்சள் கறை கை தவறிச் சற்றுப் பெரிதாகிவிட்டது. "புண் திரும்பிக்கொண்டது" என்று மேஜர் தடித்த ஊசியாகப் பார்த்துப் போட்டார். இல்லாத புண்ணுக்காக அவன் உண்மையாகவே இரண்டு நாள் உட்கார முடியாமல் நின்றான்.

சம்பந்தம் வருவார். "இன்னும் ஆறலியா?"

"ஆறிக்கினே கீது சார்."

"போன மாசமும் அதையே சொன்னீங்க."

"காலு தடிச்ச காலு சார். பொறுமையாத்தான் ஆறும்."

கட்டியே வைத்திருந்தால் கால் விறைத்துப் போகும். ஆகவே சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கட்டைப் பிரித்துவிடுவேன். அவன் காசிமேட்டுக் கரையில் ஈர மணலில் நடப்பான். பிறகு ஓடினான். அதற்குப் பிறகு அஞ்சலையின் புருஷனோடு கரையில் நின்று வலை இழுக்க ஆரம்பித்தான். காலையில் நொண்டி, சாயங்காலம் மீன்காரன். சந்தில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. "இன்னா கண்ணு, சூரியன் சாஞ்சாச்சி, உன் காலு இன்னும் வரலியா?" என்று கிண்டல் செய்வதோடு சரி.

இதற்கிடையில் கொழும்பிலிருந்து வந்த வேறொரு கப்பல்காரன் செய்தி கொண்டு வந்தான். வள்ளிக்குப் பெண் குழந்தை. காத்தமுத்து அன்று வலை இழுக்கப் போகவில்லை. உங்கள் அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். "அப்பன் மூஞ்சி தெரியாம வளர்ற புள்ளைக்கு இனிப்பு ஒண்ணுதான் கொறச்சல்" என்று அவனைத் திட்டிக்கொண்டே வைத்தாள்.

அப்புறம்தான் அந்த வினை. ஒருநாள் சாயங்காலம் சம்பந்தம், வழக்கத்துக்கு மாறாக, குடையோடு நேரே எங்கள் சந்துக்கே வந்துவிட்டார். வீட்டில் ஆள் இல்லை என்றதும் கரைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் காலை உதைத்து ஊன்றி, காத்தமுத்து வலை இழுத்துக்கொண்டிருந்தான். குடை மடங்கியது.

"அந்தோணி, அதோ அது காத்தமுத்து தானே?"

மீன் கூடையோடு நின்ற அஞ்சலைதான் பதில் சொன்னாள்.

"காத்தமுத்தா? அவன் கால இஸ்துகினு எங்கியோ டாக்டர் வூட்டாண்ட கீறான். இது அவன் தம்பி. சின்னமுத்து. பாத்தா தெரியல? இவன் கொஞ்சம் செவப்பு."

சம்பந்தம் வெகுநேரம் பார்த்தார். "ஆமாம். நடை வேற மாதிரிதான் இருக்கு" என்றார். ஆனால் அந்த நல்ல மனிதர் அதோடு விடவில்லை. நொண்டி அண்ணனுக்காவது கப்பலில் வந்த ஆதாரம் இருக்கிறது, இந்தத் தம்பி எந்த வழியாக வந்தான்? அனுமதி இல்லாமல் கள்ளத்தோணியில் வந்திருப்பானோ? சட்டப்படி போலீஸுக்கு எழுதிப்போட்டுவிட்டார். இப்படியாக, ஒருவனுக்கே நாடு கிடைக்காமல் திண்டாடியபோது, எங்களுக்கு இரண்டாவது ஒருவனும் சேர்ந்துகொண்டான்.

ஒரு வாரத்தில் சைக்கிளில் ஏட்டு ஒருவர் வந்தார். வயிறு முன்னால், சைக்கிள் பின்னால். சந்தின் நடுவில் நிறுத்தி, "சின்னமுத்துங்கறவன் யாரு? சிலோன்லேர்ந்து திருட்டுத்தனமா வந்தவன்?" என்று கேட்டார். அவன் அப்போது கட்டோடு நொண்டியாக எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தான். ஏட்டு அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவருக்கு வேண்டியது நல்ல கால் உள்ளவன்.

அஞ்சலை இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள். "எந்தப் பேமானி சொன்னான் சிலோன்னு? சின்னமுத்து இந்த மண்ணுல பொறந்தவன் சாமி. எம் மாமியார் தானே பிரசவம் பாத்துச்சி."

"அண்ணன்காரன் சிலோன், தம்பி காசிமேடா?"

"அப்பன் அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு பெத்துக்கினான். ஆம்பள தானே, கப்பல்காரனாச்சே. இதப் போயி எங்கிட்ட கேக்கறியே, ஒனக்குத் தெரியாததா?"

சந்தே சிரித்தது. ஏட்டு முகம் சிவந்து, "சரி சரி, இப்ப எங்க அவன்?" என்றார்.

"கடலுக்குப் போயிகீறான். நீயும் போறியா? கட்டுமரத்துல எடம் கீது."

அவர் கட்டுமரத்தைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார். சின்னமுத்து காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவன், சந்து ஜனங்கள் அனைவரும் அறிவார்கள் என்று எழுதிக்கொண்டு, உங்கள் அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். அத்தாட்சி இல்லை, பாட்டன் ஊர் இல்லை, கண்ணாடி போட்டவர் இல்லை. ஒரு டம்ளர் மோர். காத்தமுத்து வாசலில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். "அய்யா, என் தம்பி கெட்டிக்காரன்" என்றான். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவன் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அதுதான்.

கப்பல் ஒருவழியாக வந்தது. சாரங்கு வங்காளத்துச் சிட்டகாங் ஆள், நரைத்த தாடி. கூட்டிப் போய் நிறுத்தினேன். அவருடைய உடைந்த இந்துஸ்தானியில், "டாக்டர் ஃபிட் என்று எழுதட்டும். நாளைக்கு மூட்டையோடு தானாக ஏணி ஏறி வரட்டும். கை கொடுத்துத் தூக்கினால் கப்பலின் பெரிய துரை சேர்க்க விடமாட்டான்" என்றார்.

ஓடினோம் மேஜரிடம். சந்தோஷத்தில் கட்டில்லாமலே போய்விட்டோம். மேஜர் அவன் முகத்தைப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. காலைப் பார்த்தார், அதுவும் தெரியவில்லை.

"யாரிது?"

"கணுக்கால் சார். சிலோன் கணுக்கால்."

"கட்டு எங்கே?"

"ஆறிட்டுது சார், அதான் பிரிச்சிட்டேன்."

"கட்டில்லாமல் நான் எதைப் பரிசோதிப்பது? போய்க் கட்டிக்கொண்டு வா."

கட்டினேன். எட்டுப் போல மடக்கி, பாதி பாதியாக ஏற்றி, வெளிப்பக்கம் முடிச்சு. மேஜர் பிரம்பால் தட்டினார். அத்தனை மாதம் முனகிப் பழகிய வாய், தன்னை அறியாமல் திறந்தது. நான் பின்னாலிருந்து அவன் முதுகைக் கிள்ளினேன். மூடிக்கொண்டது. "ஃபிட். கட்டு பிரமாதம்" என்று மேஜர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை. துறைமுகத்தில் கப்பலின் ஏணி வீட்டு மாடிப்படி மாதிரி இருக்காது. கயிற்றில் தொங்கும், செங்குத்தாகச் சாயும், கப்பல் மூச்சு விட்டால் அதுவும் அசையும். மணலில் ஓடிய கால்தான், ஆனால் மணலுக்குப் படி கிடையாது. மேலே சாரங்கு, அவருக்குப் பின்னால் வெள்ளைச் சட்டைத் துரை. கீழே நான், சம்பந்தம், மூட்டை தூக்கும் ஆட்கள் ஒரு கும்பல். சம்பந்தம் கையில் போலீஸுக்கு ஒப்படைக்கும் கடிதமும் தயார். ஏறினால் கிழிப்பார், விழுந்தால் நீட்டுவார்.

காத்தமுத்து மூட்டையைத் தோளில் போட்டு ஏறினான். பாதி ஏணியில் அந்தக் கணுக்கால் மடங்க மறுத்தது. கால் வழுக்கி முழங்கால் படியில் மோதியது. மூட்டை ஆடியது. கீழே இருந்த கும்பலில் ஒருவன், "நைனா, புட்ச்சிக்கோ!" என்று கத்தினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் பொய். மூட முடியவில்லை.

துரை எட்டிப் பார்க்க முன்னால் வந்தார். அதே சமயம் சாரங்கு சட்டென்று திரும்பி, கப்பலின் மறுபக்கத்தைக் காட்டி, அங்கே என்னவோ கயிறு அறுந்துவிட்டது போலக் கூச்சல் போட்டார். துரையும் அந்தப் பக்கம் திரும்பினார். அறுந்த கயிறு எதுவும் இல்லை. துரை மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது, காத்தமுத்து மேல்தட்டில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான்.

சம்பந்தம் கடிதத்தைக் கிழித்தார். "அப்பாடா, ஒண்ணு முடிஞ்சுது. அந்தத் தம்பிதான் பாக்கி" என்றார்.

தம்பி நிஜமாகவே பாக்கி இருந்தான். முதல் பொதுத்தேர்தலுக்குப் பெயர் எழுத ஆள் வந்தபோது, போலீஸில் சொன்னதற்கு மாறாகச் சொன்னால் வம்பு என்று பயந்து, அஞ்சலை தன் வீட்டில் சின்னமுத்துவையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். ஓட்டர் பட்டியலில் வந்துவிட்டது. கட்சிக்காரர்கள் மாலையும் துண்டுமாகச் சந்துக்கு வந்து, "எங்கே நம்ம சின்னமுத்து?" என்று உரிமையோடு தேடினார்கள். எந்த ஆபீஸிலும் நாற்காலி கிடைக்காத காத்தமுத்துவின் தம்பிக்கு, ஆள் இல்லாமலே கும்பிடு விழுந்தது.

தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்தக் கப்பல் மறுபடி வந்தது. நான் ஓடிப்போய்ச் சாரங்கைப் பிடித்தேன். காத்தமுத்து கொழும்பில் இறங்கினான், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்கு வந்து காட்டினான், மகள் அவர் தாடியைப் பிடித்து இழுத்தாள் என்றார். பிரஜை என்று காகிதம் கொடுத்தார்களா என்று கேட்டேன். சாரங்கு கையை விரித்தார். மனுப் போட்டிருக்கிறான், பதில் இல்லை.

தம்பிக்கு ஓட்டு வந்த கதையை யாரோ கப்பல்காரர்கள் முன்பே அவனிடம் சொல்லியிருந்தார்களாம். அதற்கு எனக்கும் அஞ்சலைக்கும் அவன் சொல்லி அனுப்பிய பதிலைச் சாரங்கு தமிழில் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். தட்டுத் தடுமாறி ஒப்பித்தார்:

"தம்பிய ஒழுங்கா போயி ஓட்டுப் போடச் சொல்லுங்க அய்யா. எங்க குடும்பத்துல அவன் ஒருத்தனுக்குத்தான் நாடு இருக்கு."